கோடைக்கானல் குளிரில் எபாக்ஸி ஏன் பிடிவிடுகிறது: வீட்டில் மரப்படகு கட்டுபவர்களுக்கு

பலகையும் பலகையும் சேரும் மூட்டு பசை விட்டுப் பிரிந்துபோனால், அதைக் கோபத்தில் விறகுக் குவியலில் எறிந்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எங்கே பிசகியது என்பதை அதுவே சொல்லிவிடும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது அதற்குப் பிறகு.

இரண்டு பக்கமும் மரநார் பிய்ந்து நின்றால் பசை தன் வேலையைச் செய்துவிட்டது, மரம்தான் தோற்றது என்று அர்த்தம். மூட்டின் பரப்பைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பக்கம் பசை வழவழப்பாகப் பளபளத்து, மறுபக்கம் வெறும் மரம் தெரிந்தால், பசை அந்த மரத்தை நனைக்கவே இல்லை. பசை இரு பக்கமும் ஒட்டியிருந்து, நடுவே வெளிறிய மங்கலான தளத்தில் பிரிந்திருந்தால், ஒரு பூச்சின்மேல் இன்னொரு பூச்சு பிடிக்கவில்லை. இரு பக்கமும் பசையே காணவில்லை, மரம் கறுத்துக் காய்ந்து கிடக்கிறது என்றால் மூட்டு பட்டினி கிடந்திருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா? கலவை தவறு, அல்லது குளிரில் பசை இறுகுவது பாதியிலேயே நின்றுவிட்டது.

நான் கோடைக்கானல் நாயுடுபுரத்தில் மேசை நாற்காலி செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். படகு என் தொழில் அல்ல. எஸ்டேட் குளத்திலோ பண்ணைக் குட்டையிலோ விடலாம் என்று ஆசைப்பட்டு, பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, ரெசினும் ஹார்டனரும் கலந்து பூசும் எபாக்ஸிப் பசையிட்டுப் படகு கட்டுகிறவர்கள், அது பிளந்துகொண்டதும் என்னிடம் தூக்கி வருகிறார்கள். வந்தவுடன் கேட்பது ஒரே கேள்வி: "ஆசாரி அண்ணே, எந்தக் கம்பெனிப் பசை நல்லது?" நான் திருப்பிக் கேட்பது: "எத்தனை மணிக்கு ஒட்டினீர்கள்?" காலையில் எழுந்து காபி குடித்தவுடன் என்று பதில் வந்தால் மூட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன், அது மேலே சொன்ன இரண்டாவது வகை. என்னிடம் வருவதில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

மரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்

கோடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் 10 டிகிரிக்குப் போன கொட்டகையில் கிடக்கும் பலகை, காலை ஒன்பது மணிக்கும் 12 டிகிரியில்தான் இருக்கும். வெளியே வெயில் வந்து காற்று 17 டிகிரி ஆகியிருக்கும். நீங்கள் கதவைத் திறந்து, "இன்று நல்ல வெயில்" என்று சொல்லி வேலையைத் தொடங்குகிறீர்கள். அந்தச் சூடான ஈரக்காற்று குளிர்ந்த பலகையைத் தொட்டவுடன் அதன்மேல் நீர் படிகிறது. துளித்துளியாக இல்லை, விரல் வைத்தாலும் தெரியாத மெல்லிய படலமாக. அதன்மேல்தான் எபாக்ஸியைப் பூசுகிறீர்கள்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். காற்றின் ஈரப்பதத்தை 100-லிருந்து கழியுங்கள், மிச்சத்தை 5-ஆல் வகுங்கள், வந்த எண்ணைக் காற்றின் வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். அதுதான் தோராயமான பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். நம் ஊரில் அதற்குக் குறைச்சல் இல்லை. காற்று 17 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால் பனிநிலை 14. பலகை 12-இல் இருக்கிறது. அதாவது வியர்த்துக்கொண்டிருக்கிறது. அதே பலகை நண்பகலில் 18-க்கு ஏறி, காற்று 19 டிகிரி, ஈரப்பதம் 70 என்று இருந்தால் பனிநிலை 13. ஐந்து டிகிரி இடைவெளி கிடைக்கிறது. குறைந்தது மூன்று டிகிரியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பசை டப்பாவைத் திறக்காதீர்கள்.

இங்கே அளக்க வேண்டியது மரத்தின் வெப்பம். சுவரில் தொங்கும் வெப்பமானி காற்றைத்தான் காட்டும். தொடாமல் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த வகை உதவாது. அது உடல் வெப்ப அளவுக்கென்றே செய்தது. பட்டறைகளில் பயன்படும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கூடவே ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு பிளைவுட் தாளின் விலைகூட வராது.

நடுப்பகலில் ஒட்டினால் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். மலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மரத்தின் துளைகளுக்குள் காற்று உண்டு. மரம் சூடேறிக்கொண்டிருக்கும்போது பூசினால் அந்தக் காற்று விரிந்து, பூச்சைக் குமிழ் குமிழாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தத் துளைகள் வழியே பிறகு தண்ணீர் உள்ளே போகும். ஆகவே மரம் ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில், பிற்பகலில் பூச வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான விதி. நம் ஊரிலோ பல நாட்களில் இரண்டு மூன்று மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்துவிடுகிறது. காலையில் மரம் வியர்க்கிறது, நண்பகலில் குமிழ் விடுகிறது, மாலையில் பனி கவிழ்கிறது என்றால் எப்போதுதான் ஒட்டுவது?

வழி இருக்கிறது. வெயிலை நம்பாமல் மரத்தை நீங்களே சூடேற்றுங்கள். படகின்மேல் மூங்கில் வளைத்துத் தார்ப்பாய் போட்டுக் கூடாரமாக்கி, உள்ளே பழைய குண்டு பல்புகளையோ கோழிக்குஞ்சுக் கொட்டகையில் போடும் சிவப்பு விளக்குகளையோ மரத்திலும் பாயிலும் படாமல் தொங்கவிடுங்கள். காலையிலிருந்து எரியட்டும். மரம் 27, 28 டிகிரிக்கு வந்ததும் பாதி விளக்கை அணைத்துவிட்டு, மரம் ஆறத் தொடங்கும்போது முதல் பூச்சை மெல்லியதாகப் பூசுங்கள். அது துளைகளுக்குள் இறங்கும். பிறகு கூடாரத்தை மூடி மிச்ச விளக்குகளால் 20, 22 டிகிரியில் வைத்திருங்கள். பூசிய நேரத்தில் இருந்ததைவிட அதிகம் சூடாக்கக் கூடாது. சூடாக்கினால் மறுபடியும் குமிழ்தான்.

கரியடுப்பை உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு, கேஸ் ஹீட்டர் எல்லாம் வைப்பார்கள். முதல் காரியம், மூடிய இடத்தில் அது உயிரையே எடுக்கும். இரண்டாவது, கேஸும் மண்ணெண்ணெயும் எரியும்போது நீராவி வருகிறது, எது எரிந்தாலும் கரியமில வாயு வருகிறது. இந்த இரண்டும்தான் எபாக்ஸிக்கு ஆகவே ஆகாதவை. ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

மெழுகுப் படலம்

ஹார்டனர் டப்பாவில் இருப்பது அமீன் வகை ரசாயனம். பூச்சு இறுகுவதற்குள் அது காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேற்பரப்பில் மெழுகு தடவியதுபோல ஒரு படலமாகிவிடுகிறது. குளிரும் ஈரமும் கூடினால் படலமும் கூடும், ஏனென்றால் பசை மெதுவாக இறுக, அமீனுக்கு வெளியே வந்து உலவ நேரம் கிடைக்கிறது. சமவெளியில் இதைப் பார்க்காமலே பலர் படகு கட்டி முடித்திருப்பார்கள். மலையில் கிட்டத்தட்ட ஒவ்வொரு பூச்சிலும் வரும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

காலையில் வந்து கையால் தடவினால் வழுக்கும். சில நேரம் மேகம் படிந்ததுபோல வெளிறித் தெரியும், சில நேரம் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. சந்தேகமென்றால் ஒரு சொட்டுச் சுத்த நீர் விட்டுக் கொஞ்சம் தேய்த்து, பள்ளி ஆய்வகத்தில் பயன்படுத்தும் பி.எச். தாளை வையுங்கள். காரத்தன்மை காட்டினால் படலம் இருக்கிறது.

இதை எடுப்பதில்தான் நல்ல தச்சர்களே சறுக்குகிறார்கள். உப்புத்தாளை எடுத்து நேராகத் தேய்க்கத் தொடங்குவார்கள். தாள் அடைத்துக்கொள்ளும், படலம் போகாது, தேய்த்த கீறல்களுக்குள் பரவி உட்காரும். தின்னரில் துடைப்பவர்களும் உண்டு. அது படலத்தை இங்கிருந்து அங்கே நகர்த்தும். இந்தப் படலம் கரைவது வெறும் தண்ணீரில். சுத்தமான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். தேய்த்து, தண்ணீர் காய்வதற்குள் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தானே காயவிட்டால் கரைந்தது அங்கேயே படிந்துவிடும். இரண்டு முறை செய்யுங்கள். சோப்புத் தூள் வேண்டாம். அதன் பிறகுதான் 80 எண் உப்புத்தாள். பளபளப்பு முழுதும் போய் மங்கலாகும்வரை தேய்த்து, தூசியைத் தட்டி, அடுத்த பூச்சு.

இவ்வளவு வேலை வேண்டாமென்றால் முந்தைய பூச்சு முழுதாக இறுகுவதற்குள், விரல் பட்டால் ஒட்டும் ஆனால் விரலோடு வராது என்ற பதத்தில், அடுத்த பூச்சைப் பூசிவிடலாம். இரண்டும் ரசாயனமாகவே ஒன்றாகிவிடும். கூடாரத்தில் வெப்பம் சீராக இருந்தால் இது நடக்கும். இரவு பதினோரு மணிக்கு அந்தப் பதம் வந்தால் எழுந்து போக வேண்டும், அதுதான் விலை. இன்னொரு வழி, மூட்டுகளின் மேலும் கண்ணாடி இழைத் துணியின் மேலும் ஈரமாக இருக்கும்போதே மெழுகும் பூச்சும் ஏறாத நைலான் துணியை விரித்து அழுத்திவிடுவது. இறுகிய பிறகு உரித்தால் படலமும் அதோடு போய்விடும். பழைய குடைத்துணியில் செய்யலாமா என்று என்னிடம் வேலை பழகும் பையன் கேட்டான். குடைத்துணியில் நீர்க்காப்புப் பூச்சு உண்டு, படகோடேயே ஒட்டிக்கொள்ளும்.

படலத்தின்மேல் எனாமல் பெயின்ட் அடித்தால் அது காயாது. வாரக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். பெயின்ட் கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

வத்தலக்குண்டு தாண்டி வந்த பலகை

பிளைவுட் மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வருகிறது. கோடையில் சமவெளிக் கிடங்கில் கிடந்த பலகை எட்டு ஒன்பது விழுக்காடு ஈரத்தில் நன்றாகக் காய்ந்திருக்கும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் குடிக்கத் தொடங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 65 என்றால் மரம் ஏறக்குறைய 12 விழுக்காட்டில் போய் நிற்கும். 80 என்றால் 16. 90 என்றால் 20-ஐத் தொடும். எபாக்ஸி ஒட்டுவதற்கு 8 முதல் 12 வரை நல்லது. ஐப்பசி கார்த்திகையில் திறந்த கொட்டகையில் கிடந்த பலகையை ஒட்டினால், அது தை மாசியில் காய்ந்து சுருங்கும்போது மூட்டை இழுத்துப் பார்க்கும்.

ஈரமானி இல்லையென்றால் அதே பலகையிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சமையலறைத் தராசில் நிறுங்கள். 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கேக் சுடும் அடுப்பில் 103 டிகிரியில், எடை இதற்குமேல் குறையாது என்ற நிலை வரும்வரை காயவையுங்கள். 86 கிராம் வந்தால், போன 14-ஐ 86-ஆல் வகுக்க வேண்டும்: 16 விழுக்காடு. பலர் 100-ஆல் வகுத்து 14 என்று சொல்லி மகிழ்ந்துகொள்கிறார்கள்.

காயவைக்க அடுப்படிப் பரணைவிடச் சிறந்த இடம் நம் வீடுகளில் கிடையாது. பலகைகளுக்கு நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர்களை வைத்து அடுக்குங்கள். ஒட்டுவதற்குச் சேர்க்கும் மரத்தூள், சிலிக்கா தூள், கண்ணாடி இழைத் துணி எல்லாமும் ஈரம் குடிக்கும். அவையும் அங்கேயே இருக்கட்டும்.

ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டையே வாங்குங்கள். 72 மணி நேரம் கொதிக்கவைத்தும் அடுக்கு விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. ஐ.எஸ். 303 வகையில் அந்த அளவு கிடையாது. வீட்டில் ஒரு துண்டைக் கொதிக்கவைத்துப் பார்ப்பதும் நல்லதே. ஆனால் இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் அடுப்பில் தேறியது சமவெளி அடுப்பிலும் தேறும் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

பழைய படகுகள் இதையெல்லாம் பார்க்காமல் எப்படி மிதந்தன என்று கேட்பவர்கள் உண்டு. 1863-இல், மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை கோடைக்கானல் ஏரியை உருவாக்கி, தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார் என்பார்கள். ஆணியடித்துப் பஞ்சு திணித்துக் கட்டும் பழைய வகைப் படகு, மரம் தண்ணீர் குடித்து ஊதினால்தான் இறுகும். எபாக்ஸிப் படகில் மரம் ஊதவே கூடாது. அந்த முறையில் பழகிய கை இந்த முறைக்கு வரும்போது ஈரத்தைப் பற்றிய எண்ணத்தையே தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

மற்ற மரங்கள் பற்றிச் சுருக்கமாக: தேக்கில் எண்ணெய் உண்டு. புதிதாக இழைத்து, அசிட்டோனில் துடைத்து, அது ஆவியானதும் உடனே ஒட்டுங்கள். நாளைக்கு என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வரும். தைல மரம் கனமானது, பசையை உள்ளே விடாது, அதிகமாகச் சுருங்கி விரியும், வேண்டாம். சில்வர் ஓக் நன்றாக ஒட்டும், ஆனால் தண்ணீரில் நிலைக்கும் மரமல்ல. மழுங்கிய இழைப்புளியால் இழைத்த எந்த மரமும் மினுமினுத்துப் பசையை ஏற்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் 80 எண் தாளால் தேயுங்கள், உறிஞ்சினால் ஒட்டலாம்.

கலப்பதும் அழுத்துவதும்

ஃபைபர் கிளாஸ் தொட்டி செய்பவர்களிடம் வேலை பழகியவர்கள் குளிருக்கு ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊற்றுவார்கள். அவர்கள் பயன்படுத்துவது பாலியெஸ்டர். அதில் அந்த வித்தை ஓரளவு நடக்கும். எபாக்ஸியில் ரெசினும் ஹார்டனரும் ஒன்றுக்கொன்று கணக்காகச் சேர்ந்தே இறுகுகின்றன. கூட ஊற்றியது சேர இடமில்லாமல் உள்ளேயே தங்கி மூட்டை மென்மையாக்கும், மேலே வந்து படலத்தையும் பெருக்கும். விகிதம் எடைக்கா அளவுக்கா என்று டப்பாவோடு வரும் தாளில் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண அரால்டைட்டே அளவில் ஒன்றுக்கு ஒன்று, எடையில் 100-க்கு 80. இரண்டையும் குழப்பினால் போச்சு.

குளிரில் ரெசின் கெட்டியாகிவிடும், சில நேரம் சர்க்கரைபோல மணி மணியாக உறையும். கெட்டுப்போகவில்லை. டப்பாவை வெந்நீரில் நிறுத்தி 50 டிகிரிவரை சூடாக்கினால் தெளிந்துவிடும். ஆறியபின் கலக்குங்கள். தின்னர் ஊற்றி இளக்காதீர்கள். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சமவெளியில் ஒரு வாரத்தில் முழு வலு வருமென்றால் இங்கே இரண்டு வாரம் விட்டே தண்ணீரில் இறக்குங்கள்.

மூட்டில் முதலில் தூள் சேர்க்காத வெறும் பசையை இரு பக்கமும் பூசிச் சில நிமிடங்கள் விடுங்கள். குறுக்கு வெட்டு முனை குடித்துக்கொண்டே இருக்கும், அடங்கும்வரை பூசுங்கள். பிறகு தூள் சேர்த்துக் கெட்டியாக்கிய பசை. கிளாம்பை முழு பலத்தோடு முறுக்குவது தச்சர்களின் பழக்கம், வெள்ளைப் பசைக்கு அது சரி. எபாக்ஸிக்கு மூட்டில் சதை வேண்டும், அதாவது நடுவே பசை கொஞ்சம் தடிப்பாக நிற்க வேண்டும். ஓரத்தில் மெல்லிய கோடாகப் பசை பிதுங்கியதும் நிறுத்துங்கள். பலகைகளை நீளவாக்கில் இணைக்க முனைகளைச் சாய்வாகச் சீவும்போது, சாய்வு கனத்தைப் போல எட்டு மடங்கு நீளம் இருக்கட்டும்: 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாசனை பட்டாலே தடிக்கும், வாழ்நாள் முழுதும்.

ஒவ்வொரு கலவையிலும் மிஞ்சியதைக் கொண்டு அதே மரத்தில் இரண்டு துண்டுகளை ஒட்டித் தேதியும் நேரமும் எழுதிப் படகோடு வையுங்கள். இரண்டு வாரம் கழித்துச் சுத்தியலால் அடித்து உடையுங்கள். மரநார் பிய்ந்தால் படகை நம்பலாம்.

ஏற்கெனவே பிளந்த படகு

விரிசலுக்குள் ஊசியால் பசை ஏற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்கள். உள்ளே ஈரமும் படலமும் அழுக்கும் அப்படியே இருக்க, அதன்மேல் புதுப் பசை போய் உட்காரும். அடுத்த மழைக்கு அதுவும் வரும். விட்ட பகுதியை முழுதும் திறக்க வேண்டும். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் பொத்தென்று மாறும் இடம்வரை பசை விட்டிருக்கிறது. அதற்கும் அப்பால் ஒரு சாண் வரை உரித்து, வெறும் மரம் தெரியும்வரை தேயுங்கள். மரம் கறுத்து, கத்தி முனை எளிதாக இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். மக்கிய மரத்தை எந்தப் பசையும் பிடிக்காது.

திருகாணித் துளைகளைக் கட்டாயம் பாருங்கள். துடுப்புக் கொண்டியின் ஆணி வழியேதான் தண்ணீர் பெரும்பாலும் உள்ளே நுழைகிறது. துளையைப் பெரிதாக்கி, எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் மறுபடி துளையிட்டால் ஆணி மரத்தைத் தொடாது. வேலை முடிந்ததும் மேலே பெயின்ட் அல்லது வெயில் தாங்கும் வார்னிஷ் கட்டாயம். இந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமை. வெறும் எபாக்ஸி மஞ்சளாகிப் பொடிந்துவிடும்.

திறந்த படகு உடனே ஒட்டத் தயாராகாது. கவிழ்த்து, காற்றோட்டம் விட்டு, வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் ஈரம் பாருங்கள். 12-க்கு இறங்கக் காத்திருக்க வேண்டும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் இங்கே அதற்கு ஏற்ற காலம். அந்த நாட்களில் கொண்டு வந்தால் சேர்ந்தே செய்து தருகிறேன். அக்டோபரில் கொண்டு வந்தால் கொட்டகையில் இடம் தருவேன், டப்பாவைத் திறக்கமாட்டேன்.